இரண்டு கன்னம், மூன்று குழல்

காலை ஏழே முக்காலுக்கு வெள்ளியங்கிரி சைக்கிளில் பட்டறைக்குப் போகும்போது யார் வணக்கம் சொன்னாலும் வாயிலிருந்து பதில் வராது. தலை மட்டும் ஆடும். இடது கன்னத்துக்குள் கிளாரினெட் ரீடு, வலது கன்னத்துக்குள் நாகசுரச் சீவாளி. போய்ச் சேர்வதற்குள் அந்த நாணல் துண்டுகள் இரண்டும் எச்சிலில் ஊறிப் பதமாகிவிடும். ரீடும் சீவாளியும் வேண்டாத புல்லாங்குழல் சைக்கிள் பையில் இருக்கும்.

நாமக்கல்லில் லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டும் தச்சர் அவர். வேலை தொடங்க எட்டரை ஆகும். அதுவரை பாதி கட்டிய லாரி ஒன்றுக்குள் ஏறி உட்கார்ந்து ஊதுவார். ஏன் அங்கே என்று பட்டறையில் கணக்கெழுதும் நான் ஒருமுறை கேட்டேன்.

“பலகைக்குள்ள ஊதினாத்தான் சத்தம் நம்மகிட்டயே திரும்பி வந்து குத்தம் சொல்லுமுங்க, சாமி.”

வேலை நேரத்திலும் விரல்கள் சும்மா இருப்பதில்லை. உளிப்பிடியின் மேல் அவை தட்டுவதைப் பார்த்தே, இன்று புல்லாங்குழலா நாயனமா என்று சக தச்சர்கள் சொல்லிவிடுவார்கள்.

புல்லாங்குழலை 1957இலும் நாகசுரத்தை 1964இலும் தொடங்கினார். கிளாரினெட்டை 1971 மார்ச் 13, சனிக்கிழமை, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினார். நானும் உடன் போயிருந்தேன். அது அவரை எட்டு மாதம் படுத்தி எடுத்தது.

“மத்த ரெண்டும் அழுத்தி ஊதினா எட்டாம் படியில அதே சுரத்துக்கு வந்துருதுங்க. இந்தக் கெரகம் பன்னெண்டு படி ஏறிப் போய் அடுத்த ஊட்டுக் கதவத் தட்டுது!”

மெல்ல ஊதினால் ஒன்று, அழுத்தினால் வேறொன்று எனத் துளைக்கு இரண்டு சுரமாக ஒரு லாரியின் உட்பலகையில் கரியால் எழுதி வைத்துப் பழகினார். அழிக்க மறந்துபோனதால் அந்த லாரி சரிகமபதநியோடு பம்பாய் வரை போய்வந்தது.

அதன் பிறகு பத்து ஆண்டுகள், முகூர்த்த நாட்களில் சின்னண்ணனின் பேண்டு செட்டில் முதல் கிளாரினெட் அவர்தான்.

1982 ஆகஸ்ட் 3, செவ்வாய். லாரியின் பின்கதவைப் பூட்டும் இரும்புக் கொண்டி தெறித்து, வெள்ளியங்கிரியின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டையும் கொண்டுபோயிற்று. கிளாரினெட்டில் மேல்பல் ஊதுமுனையின் மேல் ஊன்ற வேண்டும். சேந்தமங்கலத்தில் செட் வாசிக்க வேண்டிய மாப்பிள்ளை அழைப்புக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். சின்னண்ணன் வந்து பார்த்தார்.

“ஏனுங்ணா, பல்லு மொளைக்கற வரைக்கும் ஜால்ரா போடுங்களேன். தாளந்தான் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சே.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அன்றே வேறொரு கிளாரினெட்காரருக்குச் சொல்லியனுப்பியும் விட்டார். வெள்ளியங்கிரி மூன்று நாள் பட்டறைக்குப் போகவில்லை. மனைவி மயிலம்மாள் என்னிடம் சொன்னார்: “சோறு திங்கறதுக்குப் பல்லுக் கேக்கலீங்க. ஊதறதுக்குத்தான் கேக்கறாரு.”

காயம் ஆறும் முன்பே அவசரப்படுத்தி, 12ஆம் தேதி பல்செட் கட்டிக்கொண்டார். ஊதினால் அது கடகடவென்று ஆடியது. மறுநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஆத்திரத்தில் நாகசுரத்தை எடுத்தார். அது எப்போதும்போல ஒலித்தது. பாதியில் நிறுத்திவிட்டார்.

“சீவாளியில பல்லே படறதில்லீங்களே, சாமி! ரெண்டு ஒதடுந்தான் புடிக்குது. பதினெட்டு வருசமா ஊதறேன், இதக் கவனிக்கலியே!”

கிளாரினெட்டை எடுத்தார். மேலுதட்டையும் உள்ளே மடித்து, நாயனத்தைப் பிடிப்பதுபோல இரண்டு உதட்டாலும் பிடித்தார். முதல் நாள் வந்தது கீச்சொலிதான். நான்காம் நாள் உதடு வீங்கியது. ஒன்பதாம் நாள் காலை லாரிக்குள்ளிருந்து வந்த நாதம் முன்னைவிடத் தடித்து, உருண்டு இருந்தது. சின்னண்ணனிடம் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம் என்று எங்களுக்கு உத்தரவு.

25ஆம் தேதி மாலை, சேந்தமங்கலத்துத் தெருவில் செட் வரிசை கட்டி நின்றது. புதிய கிளாரினெட்காரர் ரீடை நனைத்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் சங்கடத்தோடு ஜால்ராவை நீட்டினார்.

வெள்ளியங்கிரி பல்செட்டைக் கழற்றினார். நீட்டிய அந்தக் கையிலேயே ஜால்ராவுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

“கொஞ்சம் புடிச்சுக்குங்க, தம்பி. பத்தரமுங்க.”

பையிலிருந்து கிளாரினெட்டை எடுத்தார். பாட்டின் இரண்டாவது அடி முடிவதற்குள் புதியவர் தம்முடையதைத் தாழ்த்திக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் வாசலுக்கு ஓடிவந்து, “நாயனக்காரரு அதுக்குள்ள வந்துட்டாருங்களா?” என்று கேட்டார்.

மண்டப வாசல் வரை முக்கால் மணி நேரம். வாசித்து முடித்ததும் வெள்ளியங்கிரி கையை நீட்டினார். அவ்வளவு தூரமும் ஒரு கையை மூடாமலே நடந்து வந்த சின்னண்ணன், பல்செட்டைத் தம்முடைய சிவப்புச் சரிகைக் கோட்டில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுக் கொடுத்தார்.