லிஃப்ட் மெக்கானிக்கின் இரண்டு எக்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் திருமணமாகி ஏழு வருடமாகியும் குழந்தை இல்லை. காரணத்தை எல்லோரும் அவர் மனைவியின் உடம்பிலேயே தேடினார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவளும் மூன்று டாக்டர்களிடம் சளைக்காமல் போய் வந்தாள். நாலாவதாகப் பார்த்த டாக்டரம்மா கோப்பைப் புரட்டிவிட்டு, வீட்டுக்காரர் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இல்லவே இல்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

மெக்கானிக் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. விந்துப் பரிசோதனைக்குப் போனார். ஓர் உயிரணுகூட இல்லை என்று வந்தது. அடுத்து குரோமோசோம் பார்க்க ரத்தம் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து வந்த தாளில் அவர் பெயருக்கு நேரே எக்ஸ்எக்ஸ் என்று இருந்தது. பொதுவாகப் பெண்களுக்கு இருப்பது.

அவருக்குக் கோபம் வரவில்லை. மனைவியின் ரத்த சாம்பிளோடு மாறிப்போயிருக்கும் என்று லேபுக்குப் போய்ச் சொன்னார். அவர் மனைவி அங்கே ரத்தமே கொடுத்ததில்லை என்றார்கள். மறுபடியும் கையை நீட்டினார். மறுபடியும் எக்ஸ்எக்ஸ்.

டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். ஆணுக்கு வழக்கமாக ஓர் எக்ஸ், ஓர் ஒய். கருவில் விரைகளை உருவாக்கத் தொடங்கி வைக்கும் மரபணு ஒய்யின் ஓரத்தில் இருக்கிறது. இவருடைய அப்பாவின் உடம்பில் விந்தணு உருவானபோது அந்தத் துண்டு மட்டும் எக்ஸுக்குத் தாவிவிட்டது. அதனால் ஒய் இல்லாமலே இவர் ஆணாக வளர்ந்தார். விந்தணு உண்டாக்கும் மரபணுக்கள்தான் ஒய்யோடு தங்கிவிட்டன.

"ஸ்விட்ச் வேற பலகையில மாட்டியிருக்கு. லைட்டு எரியுது. அப்படித்தானே?"

"கிட்டத்தட்ட."

"அப்ப திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமா?"

போகலாம், ஆண் ஹார்மோன் ஊசி மட்டும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் மனைவி தாளை இரண்டு முறை படித்தாள். "தாடி வளருது, குறட்டை விடுறீங்க. எனக்கு இதுல புதுசா ஒண்ணும் தெரியல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் முழுங்கின மாத்திரை எல்லாம் வீண்," என்றாள். அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். அவள் கதவைத் தட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மா வீட்டுக்குப் போனார். ஏழு வருடமாக இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லிவந்த அக்காவும் அங்கே இருந்தாள். குறை தன்னிடம்தான் என்றார். பெண்டாட்டியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றாள் அக்கா. அவர் தாளை எடுத்து மேசைமேல் வைத்து, இது அப்பா வழியாக வந்தது என்றார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "நான் என்னடா பண்ணேன்?"

"யாரும் ஒண்ணும் பண்ணலப்பா."

அதன்பிறகு அந்த வீட்டில் மருமகளிடம் யாரும் குழந்தைப் பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வேறொருவர் விந்தணு வாங்கலாம் என்ற யோசனையை இருவரும் ஒரு வருடம் பேசிப் பார்த்து, வேண்டாமென்று விட்டார்கள்.

அவருக்கு ஐம்பது வயதானபோது, அதே ரிப்போர்ட்டோடு வந்த ஓர் ஆளுடன் பேச முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். டீக்கடையில் சந்தித்தார்கள். அந்த ஆள் அழுது முடிக்கும்வரை மெக்கானிக் காத்திருந்தார்.

"ஹார்மோன் ஊசிய விட்டுடாதீங்க. எலும்பு தேஞ்சிடும்," என்றார்.

அடுத்த வாரமும் வரட்டுமா என்று அந்த ஆள் கேட்டார். வந்தார். நாலாவது வாரத்திலிருந்து, அந்த ஆளின் வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றித்தான் பேச்சு.