பாட்டிலின் அடியில் படிந்த மருந்து

என் மகளுக்கு மருந்து கலக்கும்போது ஒரு சொட்டுகூடக் கூடவோ குறையவோ கூடாது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்த வருஷத்தில்தான் எங்கள் தெருவில் மண்டைகள் உடைந்தன. இரண்டையும் பிரித்து நினைக்க என்னால் முடிவதில்லை. இப்போது அவள் வளர்ந்து வேலைக்குப் போகிறாள். ஆனாலும் நான் கூப்பிட்டு அவள் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் மறுபடி மறுபடி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அப்போது அவளுக்கு மூன்று வயது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வலிப்பு வந்தது. கண் மேலே செருகிக்கொள்ளும், இடது கை வெட்டி வெட்டி இழுக்கும், வாயோரம் நுரை தள்ளும். கும்பகோணத்தில் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பென்சோடயஸிபைன் என்ற வகையைச் சேர்ந்தது அது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அளவாகக் கொடுத்தால் வலிப்பை அடக்கும். குறைந்தால் பயனில்லை. கூடினால் மூச்சையே அடக்கிவிடும்.

குழந்தைக்கு வேண்டியது ஒரு மாத்திரையில் சிறு துணுக்குதான். கத்தியால் வெட்டினால் அது பொடிந்து போனது. மருந்துக் கடை கம்பவுண்டர் ஒரு மிக்சர் பாட்டிலை எடுத்து, அதன் பக்கத்தில் காகிதப் பட்டை ஒட்டி, ஏழு கோடு கத்தரித்துக் கொடுத்தார். ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை எண்ணி வைத்தார்.

"இத நைசாப் பொடிச்சு, ஆறின வெந்நியில போட்டு, மேல் கோடு வரைக்கும் ரொப்பிக்குங்க சார். நாளுக்கு ஒரு கோடு. கலக்கிக் கொடுங்க, மறந்துடாதீங்க."

"வாத்தியாருக்கே பாடமா?" என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை வாங்கினேன். கூலிக்கு நடவு நட்ட குடும்பத்தில் முதலில் படித்து ஆசிரியர் வேலைக்குப் போனவன் நான். அளவு என்றால் எனக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் புது மருந்து தயாரிப்பேன். பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் மட்டம் கோட்டைத் தொடும் வரை சொட்டுச் சொட்டாக விடுவேன். ஒரு தரம் நன்றாகக் கலக்குவேன். பிறகு அலமாரியில் அசையாமல் வைத்துவிடுவேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஊரில் ஆடிக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் செக்கச்செவேலென்று வரும். குடத்துக்குள் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மண்ணெல்லாம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை இறுத்துக் குடிப்போம், அடியில் இருப்பதை வாசலில் கொட்டுவோம். தெளிந்த குடத்தை ஆட்டிவிட்டு நான் சின்ன வயதில் வாங்கிய அடி கொஞ்சமில்லை. கலங்கியதைக் குழந்தைக்குக் கொடுப்பது என்பது எங்கள் வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்ததைப் பார்த்து என் மனைவி கேட்டாள்: "என்னங்க, அவரு கலக்கிக் கொடுக்கச் சொன்னாருல்ல?"

"கலக்கித்தானே வச்சிருக்கேன்? இது மாத்திரையில சேக்குற சுண்ணாம்பு. மருந்து தண்ணியில கரைஞ்சிடுச்சு. ஆட்டாம மேலாப்புல எடு."

அவள் அப்படியே மேலாகத் தெளிந்ததைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டினாள். வாரக் கடைசியில் மிஞ்சிய வண்டலை வாய்க்காலில் கொட்டிப் பாட்டிலைக் கழுவினோம். வலிப்பு நிற்கவில்லை. மருந்து கேட்கவில்லையே என்று நான் மேலும் கவனமாக அளந்தேன்.

அந்தக் குறுவை அறுப்பில் கூலியைக் கூட்டச் சொல்லி எங்கள் ஆட்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். மிராசுதார் வீட்டிலிருந்து லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பில் மறித்த பெண்களைத் தள்ளி மிதித்தார்கள். கைகலப்பில் ஒருவனுடைய காது அரிவாளில் அறுந்து தொங்கியது. அதைக் கையால் தாங்கிக்கொண்டு அவன் எங்கள் பள்ளிக்கூட வாசல் வழியாக ஓடினான். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அன்றோடு பஸ் நின்றது. பாலத்தில் போலீஸ் வேன் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய் மாத்திரை வாங்க வழியில்லை. பாட்டிலில் வண்டல் மட்டும் மிச்சம். திங்கட்கிழமை விடிந்ததும் குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு தரம் வெட்டி இழுத்தது.

"அடியில இருக்கறதையாவது கொடுப்போமுங்க. ஒண்ணுமில்லாததுக்கு அது தேவலாம்" என்றாள் மனைவி.

நான்தான் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அலசி, ஒரு துளி விடாமல் பாலாடையில் சாய்த்துக் கொடுத்தேன். இழுப்பு நின்றது. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரத்தில் மிராசுதாரின் ஆட்கள் தெருவுக்குள் வந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம். மூங்கில் கழியும் சைக்கிள் செயினும் வைத்திருந்தார்கள். முதல் வீட்டில் உலையை உதைத்துத் தள்ளினார்கள், கொதிக்கிற கஞ்சி ஒரு பெண்ணின் காலில் கொட்டியது. கூரைகளைக் கழியால் நெம்பிச் சரித்தார்கள். "கோட்டையில ஆட்சி மாறிட்டா வயல்ல நீங்க வச்சது சட்டமாடா?" என்று ஒருவன் கத்திக்கொண்டே ஒவ்வொரு பானையாக உடைத்தான்.

என் அண்ணன்தான் எங்கள் தெருவில் கூலி பேசப் போனவர்களில் முதல் ஆள். அவரைத் தேடித்தான் வந்திருந்தார்கள். அவர் ஓடவில்லை, குழந்தை உள்ளே கிடக்கிறது என்று என் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து அடித்தார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "வாத்தியாரே, நீ போயி அ, ஆ சொல்லிக் கொடு" என்று ஒருவன் என்னை நெஞ்சில் உதைத்தான். கழி அண்ணன் முகத்தில் இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஈர விறகு முறிவது போல இருந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண் இருந்த இடம் முழுக்க ரத்தம். நான் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மனைவி அலறினாள்.

"என்னங்க, இவ்வளவு சத்தத்துக்கும் இவ எந்திரிக்கவே இல்லைங்க!"

குழந்தை துவண்டு கிடந்தாள். உதடு கறுத்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் பத்து வரை எண்ணினேன்.

பால் வண்டிக்காரர் ஆற்றங்கரையோரம் வேனை நிறுத்தியிருந்தார். "புள்ளைய ஏத்துங்க சார். ரத்தத்தோட அவர ஏத்துனா பாலத்துல நம்ம யாரையும் விடமாட்டான்" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"என்னடா முழிக்கிற? பாப்பாவத் தூக்கிட்டுக் கெளம்பு. எனக்கு ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல?"

பாலத்தில் ஒரு போலீஸ்காரர் என்னை இறக்கித் தோளில் லத்தியால் இரண்டு போட்டார். "தூங்குற புள்ளையக் காட்டி ஏமாத்துறியா?" அவள் தூங்கவில்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்? அவர் குனிந்து அவள் தொடையைத் திருகிக் கிள்ளினார். அவள் முகம் சுளிக்கக்கூட இல்லை. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "போ, போ" என்று விலகினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு ரப்பர் பையை அவள் முகத்தில் வைத்து அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்தார். என் சட்டைப் பையில் இருந்த பாட்டிலை வாங்கிப் பார்த்தார். அடி விளிம்பில் வெள்ளை ஒட்டியிருந்தது. எப்படிக் கொடுத்தேன் என்று கேட்டார். பெருமையாக வைத்திருந்த என் முறையை அவருக்குச் சொன்னேன்.

"இந்த மாத்திரை தண்ணியில கரையாதுங்க. கலக்கினா மிதக்கும், விட்டா அடியில ஒக்காந்துடும். ஒவ்வொரு தடவையும் ஆட்டித்தான் கொடுக்கணும். நீங்க வாரம் பூரா பச்சத் தண்ணியக் கொடுத்துட்டு, ஒரு வாரத்து மருந்த இன்னிக்கு ஒரே வாயில கொடுத்திருக்கீங்க. தண்ணிய அவ்வளவு சரியா அளந்தீங்களே, மருந்து எங்க இருக்குன்னு பாத்தீங்களா?"

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அவள் கண்ணைத் திறந்து, தொடை வலிக்கிறது என்று அழுதாள். கிள்ளிய இடம் நீலமாகக் கன்றியிருந்தது. அதன் பிறகு பாட்டில் கிடையாது. கம்பவுண்டர் மருந்தைத் தராசில் நிறுத்து, நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அன்றன்றைக்குக் கலந்து உடனே புகட்டுவோம். பாலாடையை அலசி அந்தத் தண்ணீரையும் கொடுப்போம். வலிப்பு மெல்ல அடங்கியது.

அண்ணனை அன்றைக்கே கலவர வழக்கில் பிடித்துப் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் போய்விட்டது. நான் அந்த வண்டலைக் கொடுக்காமல் இருந்திருந்தால், அவரைத் தூக்கிக்கொண்டு வயல் வழியாகவே கும்பகோணம் போயிருப்பேன். ஜாமீனில் வந்த அன்று அதை அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் என் தோளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ அளந்து அளந்து ஊத்துறப்ப நானும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானேடா இருந்தேன்? எனக்கும்தான் கலங்கினதக் கொடுக்க மனசு வந்திருக்காது."

பிறகு, இருக்கிற கண்ணால் பார்ப்பதற்காகக் கழுத்தை முழுக்கத் திருப்பி, பாப்பா எங்கே என்று கேட்டார்.