கார் செய்த கோளாறு, எனக்கு வந்த மெமோ

பழைய வண்டியை ரிப்பேர் பார்ப்பவனுக்கு மெக்கானிக் என்று பெயர். புது மாடலை ரிப்பேர் பார்ப்பவனுக்குக் குற்றவாளி என்று பெயர்.

அடுத்தவன் செய்த தப்புக்குப் பதில் சொல்லியே தலை நரைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ரேஷன் கடையில் எடை போட்டவர், பஸ்ஸில் சில்லறை இல்லாமல் நின்ற கண்டக்டர், கரண்ட் ஆபீசில் போனை எடுக்கும் துர்ப்பாக்கியசாலி எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தது நாலாங்கிளாஸ். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி காரிலேயே அம்புட்டுப் பிழை விட்டபோது இந்த ஊர் பொறுத்துக்கொள்ளவில்லையா?

எண்பதுகளின் தொடக்கம். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு கார் ஷோரூம், அதன் பின்னால் தகரக் கொட்டகை போட்ட சர்வீஸ் ஷெட். அங்கே நான் மெக்கானிக். அந்த வருஷம் கம்பெனி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டது. ரத்தச் சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரே வாரத்தில் ‘செவலை’ என்று மாற்றிவிட்டார்கள். கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இழுத்து மூடிய கம்பெனியைத் திட்டுவது பாவம் என்கிறாள் என் மனைவி. பெயரில்லாமல் திட்டினால் பாவம் இல்லை என்பது என் கணக்கு.

செவலையோடு கூடவே ஒரு சட்டமும் வந்தது. விற்ற வண்டி கோளாறோடு திரும்பி வந்தால் கம்பெனி என்ஜினியர் காரணம் எழுதுவார். ‘தயாரிப்புக் கோளாறு’ என்று எழுதினால் கம்பெனிக்குச் செலவு. ‘மெக்கானிக் கவனக்குறைவு’ என்று எழுதினால் ஒரு தாள்தான் செலவு. எதை எழுதுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தாளுக்குப் பெயர் மெமோ. மூன்று மெமோ வாங்கியவன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். நாலாங்கிளாஸ்காரனை வேறு எந்த ஷோரூமும் உள்ளே விடாது என்பது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும், என்ஜினியருக்கு நன்றாகவே தெரியும்.

கண்ணடித்த வண்டி

செவலையின் பெரிய விசேஷம் அதன் ஹெட்லைட். பகலில் இமை மூடித் தூங்கும். சுவிட்சைத் தட்டினால் இரண்டும் மேலே எழும்பும். எழும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வண்டியை வாங்கியவர் மேலமாசி வீதிப் பல் டாக்டர். அறுபது வயசு, விபூதிப் பட்டை, சொடக்குப் போட்டுக்கூட யாரையும் கூப்பிடாத மனிதர். அவர் வண்டியில் இடது விளக்கு எழும்பும். வலது விளக்கு எழும்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும். யோசித்துப் பாதி எழும்பி, மறுபடி படுக்கும், மறுபடி எழும்பும்.

வண்டி எங்களிடம் வந்தது. என்ஜினியர் மெட்ராஸிலிருந்து கிளம்பாமலேயே காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்: மெக்கானிக் கிரீஸ் அதிகமாக வைத்துவிட்டானாம். அந்த வண்டியின் விளக்கை நான் அதுவரை தொட்டதே இல்லை. முதல் மெமோ.

டாக்டருக்கு என் மெமோவைவிடப் பெரிய வருத்தம் இருந்தது. சாயங்காலம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி மனைவிக்காகக் காத்திருந்திருக்கிறார். எதிரே வரிசையாகப் பூக்காரிகள். வண்டி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. மனைவி திரும்பி வரும்போது ஒரு பூக்காரம்மா டாக்டரின் காதுபடவே பக்கத்துக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்: “ஓட்டுறவருக்கு அறுவது வயசாச்சு, வண்டிக்கு இன்னும் பதினெட்டு தாண்டல போல. எம்புட்டு நேரமாக் கண்ணடிக்குது பாரு!”

கேட்டில் கழன்றது

இரண்டாவது வண்டி ஒரு எண்ணெய் மில்காரரின் மருமகனுக்குப் போனது. அவர் திருமங்கலம் பக்கம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது செவலையின் சைலன்சர் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டது. வண்டி மட்டும் போய்விட்டது. நம் ஊர் ரோட்டைக் கனவில்கூடப் பார்க்காத ஒருவர் வரைந்த கார் அது. சைலன்சருக்கும் தரைக்கும் நடுவே ஒரு பூனை தவழ்ந்து போகலாம், நடந்து போக முடியாது.

நட்டை நான் முறுக்கவில்லை என்று இரண்டாவது மெமோ வந்தது. நட்டு முறுக்கியபடியே இருந்தது. அறுந்தது அதைப் பிடித்திருந்த தகடு. அந்தத் தகட்டை எடுத்துக் காட்டலாம் என்று நானே கேட்டுக்குப் போனேன். கேட் கீப்பர் சைலன்சரைத் தன் அறையில் பத்திரமாக வைத்திருந்தார். கூடவே இன்னொன்றும் இருந்தது. திண்டுக்கல்லில் வாங்கிய செவலை ஒன்று முந்தின நாள் கழற்றிப்போட்டது. இரண்டையும் என் சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டு அவர் சொன்னார்: “அண்ணே, ரயிலு இதுவரைக்கும் ஒரு ஆணியக்கூட இங்க விட்டுட்டுப் போனதில்ல. இவுங்கள அதையெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரச் சொல்லுங்க.”

வேட்டி கட்டியவர்

மூன்றாவது வண்டியை வாங்கியவர் உசிலம்பட்டி ஒச்சப்பன். பருத்தி கமிஷன் கடை வைத்திருந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி. பாண்ட் போட்டவனே அந்தக் காரிலிருந்து இறங்குவதற்கு ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டும். ஒச்சப்பன் முதல் நாள் ஷெட் வாசலில் இறங்கியபோது நானும் இன்னொருவரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். மனிதர் வந்துவிட்டார். வேட்டியின் முக்கால் பங்கு சீட்டின் நெம்புகோலில் மாட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டது. இதற்கு நல்லவேளை மெமோ வரவில்லை. வேட்டியைச் சரிசெய்து, மூச்சு வாங்கி முடித்ததும் ஒச்சப்பன் கேட்டார்: “ஏண்ணே, கிணத்துலயாச்சும் படி வச்சிருப்பான். இதுக்கு ஒரு கயிறு கியிறு குடுக்க மாட்டாங்களா?”

மாலை போட்ட குற்றம்

சிரித்துக்கொண்டிருந்த ஒச்சப்பனுக்கும் ஒரு நாள் கோபம் வந்தது. அவருடைய தங்கை மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குச் செவலையைக் கொண்டுபோனார். முன்பக்கம் கிரில் தெரியாதபடி சம்பங்கியும் ரோஜாவுமாக மாலை. மேளம் முன்னால் போக, வண்டி ஊர்ந்து போக, சந்தை முக்கில் திடீரென்று ஆவி சீறியது. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளிவிட்டது. மாப்பிள்ளை பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று கிடக்க, நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தவில்லை. அது ஏதோ கம்பெனி ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்தார்களாம்.

வண்டி கயிறு கட்டி ஷெட்டுக்கு வந்தது. அந்த மாதத்திலேயே அது நாலாவது கொதிப்பு. மற்ற மூன்றும் மாலையே இல்லாத வண்டிகள். நான் தண்ணீர் பம்பைப் பார்த்தேன், குழாய்களைப் பார்த்தேன், விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இந்த முறை என்ஜினியர் நேரிலேயே வந்தார். கிரில்லில் ஒட்டியிருந்த காய்ந்த ரோஜா இதழ் ஒன்றைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்ல வேண்டும், தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி. மாலை காற்றை அடைத்துவிட்டதாம். மாலை போடாதே என்று வாடிக்கையாளரை மெக்கானிக் எச்சரிக்கவில்லையாம். மற்ற மூன்று வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். அவர்களும் வீட்டில் போட்டுவிட்டுக் கழற்றியிருப்பார்கள் என்றார்.

மூன்றாவது மெமோ டைப் ஆகிவிட்டது. முதலாளி கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மறுநாள் ஒரு புது வண்டி டெலிவரி இருந்ததால், நல்ல காரியம் முடிந்த பிறகு போடலாம் என்று முதலாளி தள்ளிவைத்தார். வேலையை விட்டு அனுப்புவதற்கும் சகுனம் பார்க்கும் ஊர் இது. எனக்காக வாயைத் திறந்தவர் ஒச்சப்பன்தான். என்ஜினியரின் டையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்க ஜல்லிக்கட்டு மாட்டுக்கு இதுக்கு மூணு பங்கு மாலை போட்டு விடுவோம் சார். அது என்ன, வாடிவாசல்ல கொதிச்சா நின்னுச்சு?”

குருக்களின் முகத்தில்

மறுநாள் காலை, ஷெட்டுக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோவில் வாசலில் புது செவலைக்குப் பூஜை. என்ஜினியர் உத்தரவுப்படி ஒரு முழம் பூகூட வண்டியில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், அவ்வளவுதான். ரோட்டில் போகிறவர்களெல்லாம் சத்தத்தைக் கேட்கட்டும் என்று முதலாளி என்ஜினை ஓடவிட்டிருந்தார். குருக்கள் மந்திரத்தை நிதானமாகச் சொல்பவர். கால் மணி நேரம் ஓடியதும் என்ஜின் சூடேறி, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துக் குருக்கள் சாம்பிராணித் தூபத்தைக் கிரில்லுக்கு முன்னால் காட்டினார்.

புகை முழுக்க அவர் முகத்திலேயே அடித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டாம் தடவை காட்டினார். மறுபடியும் அதே. “என்னய்யா இது, சாமிக்குக் காட்டினா சாமி ஏத்துக்கறது. உங்க வண்டி என் மூஞ்சியிலேயே திருப்பி ஊதறதே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் குனிந்து கிரில்லுக்குள் பார்த்தேன். விசிறியின் வேலை வெளிக்காற்றை உள்ளே இழுப்பது. இது உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வண்டி முன்னால் ஓட ஓட, வருகிற காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடுகிற பழைய விசிறி தலைகீழாகச் சுற்ற வழியே இல்லை. இது கரண்ட் விசிறி. ஃபாக்டரியில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். சுற்றுகிறதா என்று பார்த்த நான், எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை. இந்தக் கதையில் என் தப்பு அது ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

என்ஜினை அணைக்கச் சொன்னேன். குருக்களைத் தூபக்காலோடு அங்கேயே நிற்கச் சொன்னேன். பானட்டைத் தூக்கி, இரண்டு ஒயரையும் உருவி, மாற்றிச் சொருகினேன். மறுபடி என்ஜினை விட்டு, விசிறி சுற்றியதும், புகை பாம்பு புற்றுக்குள் போகிற மாதிரி கிரில்லுக்குள் போனது. முதலாளி என்ஜினியரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குருக்களும் பார்த்தார். என்ஜினியர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது மெமோவை ஃபைலிலிருந்து உருவினார். கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெயரை மாற்றினால் அடுத்த ஊருக்கு ஆகும் அல்லவா? பிறகு என் தோளைத் தட்டிச் சொன்னார்: “இது ரொம்பச் சாதாரண விஷயம்ப்பா. நீ அப்பவே கவனிச்சிருக்கணும்.”

வாயால் பார்த்த வேலை

வேலை தப்பியது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு அவள் எனக்கு இரண்டாவது தடவை சோறு போட்டாள், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கம்பெனி அம்புட்டு லேசில் விடுமா? ஒரு மாதம் கழித்து எல்லா ஊர் ஷோரூமுக்கும் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதலாளி படித்து அர்த்தம் சொன்னார். தங்கள் என்ஜினியரின் இடைவிடாத ஆராய்ச்சியால் விசிறியில் ஒரு சிறு முன்னேற்றம் கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாம். இது வரை விற்ற எல்லா வண்டியிலும் ஒயரை மாற்ற வேண்டுமாம். வேலை நுட்பமானது என்பதால், ஏற்கெனவே மெமோ வாங்கிய மெக்கானிக் எவரும் விசிறியைத் தொடக்கூடாதாம்.

என் பெயரில் இரண்டு மெமோ அப்படியே இருந்தன. அதைக் கிழிக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். கம்பெனி எழுதியதைக் கிழிக்க நமக்கு அதிகாரம் இல்லை என்றார். மாற்ற வேண்டிய முதல் வண்டி ஒச்சப்பனுடையது. வேலைக்கு என் சக மெக்கானிக் பாண்டியை நிறுத்தினார்கள். பாண்டி மேல் ஒரு மெமோகூடக் கிடையாது. காரணம், செவலை இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதவன் அவன். பானட்டைத் திறக்கும் கொக்கி எங்கே என்றே அவனுக்குத் தெரியவில்லை. “அண்ணே, எந்த ஒயருண்ணே?” என்று என்னைப் பார்த்தான். ஒச்சப்பன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் காட்டலாம் என்று கையை நீட்டினேன். முதலாளி பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ரூல்னா ரூல்தான்யா. நீ கைய வைக்காத, வாயால சொல்லு, அவன் மாட்டட்டும்.”

அந்த மாடல் விஷயத்தில் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது என்று நான் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய மிஷின் ஒன்றே ஒன்றுதான், அது கம்பெனியில் மெமோ அடித்த டைப்ரைட்டர்.