மூன்று பதிலும் தெரிந்தவன்

பணிமனையில் அண்ணனுக்குப் பெரியவர் என்று பெயர், தம்பிக்குச் சின்னவர். இருவரும் லிஃப்ட் மெக்கானிக்குகள். பத்தொன்பது வருடமாக ஒரே ஜோடி. பெரியவர் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்கிப் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்ப்பார்; சின்னவர் மேலே இயந்திர அறையில் இருப்பார். இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது பெரியவர் வழக்கம். பூட்டு திறந்திருந்தால் சாவி வைத்திருப்பவன்தான் திறந்திருக்க வேண்டும். இந்த ஒரு கணக்கை நம்பித்தான் அவர் அத்தனை வருடமும் உயிரைக் குழிக்குள் இறக்கினார்.

வேலையில் வாய் திறக்காத அந்த மனுஷர், கைபேசி விளையாட்டு ஒன்றில் கடற்படைத் தளபதி. எட்டு வருடம் கட்டிய கப்பல்கள், கீழே அறுபது வீரர்கள். ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டதாக ஒரு வீரர் தகவல் அனுப்பினார். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதியதற்கு இரண்டு வரியில் பதில் வந்தது: பாதுகாப்புக் கேள்விகள் மூன்றுக்கும் சரியான விடை தரப்பட்டது, அதனால் கடவுச்சொல் மாற்றித் தரப்பட்டது.

வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? முதலில் வளர்த்த பிராணி எது? சிறுவயதில் குடியிருந்த தெரு எது? அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தவர்கள் இருவர்தான். மனைவிக்குக்கூட நாயின் பெயர் தெரியாது. பெரியவருக்குத் தலை சூடேறியது. பூட்டு, சாவி, ஆள் என்று தொழில் கணக்கையே போட்டார். உடைமாற்றும் அறையில் பத்துப் பேர் இருக்க, தம்பி முன்னால் போய் நின்றார்.

"எடுத்தது எடுத்துட்ட. திருப்பிக் குடுத்துடு."

"எதைண்ணா?"

"நடிக்காத. மூணு பதிலும் உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

சின்னவர் பூட்ஸ் கயிற்றை முடிந்துகொண்டே சொன்னார்: "எனக்கு போன்ல அலாரம் வெக்கவே என் பொண்ணு வேணும். நான் உன் கப்பலைத் திருடினேனா?"

"வேற யாரு?"

"அப்ப பெரியவர் தூக்கத்துல எழுந்து தானே திருடிக்கிட்டாரு போல" என்றார் வெல்டர். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவர் சிரிக்கவில்லை. மறுநாள் வேறு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாள் பழைய வீரர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். மூன்று மாதம் முன் குழு அரட்டையில் புதிதாக வந்த ஒருவன் போட்டி வைத்திருந்தான்: வீட்டுப் பெயர், முதல் பிராணி, பழைய தெரு மூன்றையும் சேர்த்தால் உங்கள் போர்ப்பெயர், யாருடையது அதிகம் சிரிக்க வைக்கிறது என்று பார்க்கலாம். முதல் ஆளாகப் பெரியவர் எழுதியிருந்தார்: 'தளபதி குண்டூசி பஞ்சு பாலத்தெரு.' அறுபது சிரிப்புக் குறிகள். போட்டி வைத்தவன் குழுவிலிருந்து எப்போதோ விலகியிருந்தான்.

அவர் அந்தப் படத்தையும் விளையாட்டுக்குப் பணம் கட்டிய பழைய ரசீதையும் நிறுவனத்துக்கு அனுப்பினார். நிறுவனம் ரசீதைப் பார்த்துக் கணக்கைத் திருப்பிக் கொடுத்து, புதிய விடைகள் கேட்டது. அதே கேள்விகள். அவர் திகைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி, "கேள்வி கேக்கறவன் என்ன சத்தியமா வாங்கினான்? நாய் பேரு கேட்டா நாற்காலின்னு எழுதுங்க" என்றாள். எழுதினார். கணக்கு கிடைத்தது, தம்பி ஃபோனை எடுக்கவில்லை. புது ஜோடிக்காரன் நல்ல பையன்தான். ஆனாலும் குழிக்குள் நின்ற பெரியவர், சட்டைப்பையில் சாவி இருக்கும்போதே இரண்டு முறை நான்கு மாடி ஏறிப்போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை தம்பி வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனார். இயந்திர அறையில் சுவிட்சின் மேல் தம்பியின் பூட்டு தொங்கியது. அதன் பக்கத்திலேயே, யாரும் கேட்காத காவலாய், நின்றார். ஒரு மணி நேரம் கழித்துச் சின்னவர் கிரீஸ் கையோடு குழியிலிருந்து மேலே வந்தார்.

"என்ன?"

"சாவியை நான்தான் குடுத்திருக்கேன். அறுபது பேர் முன்னாடி."

"திருடனைப் பிடிச்சாச்சா?"

"இல்ல."

"என்னைப் பிடிச்சப்போ பத்துப் பேர் பாத்தாங்க." சின்னவர் தன் பூட்டைத் திறந்து சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "அவங்க முன்னாடி வந்து சொல்லு. என்ன பேர் எழுதிக் குடுத்தன்னு அதையும் சேர்த்து."

"குண்டூசியையுமா?"

"அதையும்தான்."

"சொன்னா என்னோட வருவியா?"

"முதல்ல சொல்லு. ஒரு மணிக்கு எல்லாரும் சாப்பிட உக்காருவாங்க."

பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. தம்பியிடம் தண்ணீர் கேட்கலாமா என்று யோசித்து, கேட்காமலே படியிறங்கிப் பணிமனைக்கு நடந்தார்.