லோட் ஆகட்டும்

எனக்குப் பொறுமை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பிறவிக் கோளாறு. சிக்னலில் ஆட்டோ நின்றால் இறங்கி நடந்துவிடலாமா என்று கால் பரபரக்கும். இப்படிப்பட்டவளுக்கு ஹைதராபாத்தில் கிடைத்த முதல் வேலை, பிறர் செய்த வெப்சைட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது.

அப்போது ஒரு கண் ஆஸ்பத்திரியின் வெப்சைட் எங்கள் கையில் இருந்தது. ஆபீசில் எல்லாம் ஜோராக ஓடியது. மெட்டுகுடாவில் என் வாடகை வீட்டில், டெலிபோன் லைன் வழியாக ஊர்ந்து வரும் டயல்-அப் இன்டர்நெட்டில் திறந்தால் பக்கம் வரும், லிங்க்குகள் நீலமாக நிற்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் எந்த லிங்க்கிலும் முகவரியே இல்லை. எங்கே போக வேண்டும் என்பதை, பக்கத்துக்குப் பின்னால் தனியாக வந்து சேரும் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற நிரல்தான் சொல்ல வேண்டும். அது வருவதற்குள் அழுத்தினாலோ, வராமலே போனாலோ, நகராது. முகவரியை லிங்க்கிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது. ஸ்கிரிப்ட் வந்தால் அழகு, வராவிட்டாலும் பக்கம் திறக்கும்.

இது தப்பு என்று எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். டீம் லீடரே என் இடத்துக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரர், மாரெட்பள்ளியில் பல வருடங்களாகக் குடியிருப்பவர்; 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத் வழக்கில் 'நக்கோ' என்பார்.

"நக்கோம்மா, விடு. லோட் ஆகட்டும், அப்புறம் அமுக்கு. இவ்வளவு அவசரம் டெஸ்டிங்குக்கு ஆகாது. உனக்கு ப்ரொபேஷன் முடியப் போகுதுல்லா?"

வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது. வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தெரியும், ஆனால் விட மனசில்லை. அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவருடைய பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்து, என் வீட்டில் வருகிற மாதிரியே ஆக்கி வைத்தேன். அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. தண்ணீர் குடித்தேன், எழுந்தேன், மறுபடியும் தண்ணீர் குடித்தேன்.

வந்தார். ஒரு லிங்க்கை அழுத்தினார், காத்திருந்தார். இன்னொன்றை அழுத்தினார். பிறகு காத்திருக்கவில்லை, அழுத்திக்கொண்டே போனார். எனக்குப் பொறுமையைப் போதித்தவர் மவுஸை மேஜையில் தட்டினார்.

"யாரு என் சிஸ்டத்துல கை வச்சது?"

"நான்தான் சார். லோட் ஆகட்டும் சார்."

அவர் முகம் சிவந்துவிட்டது. இன்றோடு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"இது எவன் வீட்டுல இப்படி வருது? எங்க வீட்டுலயும் டயல்-அப்தான். போன வாரமே வீட்டுல சைட்டு அட்ரஸ் குடுத்துப் பாக்கச் சொன்னேன். ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல" என்றபடி மனைவிக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினார். "அந்த ஆஸ்பத்திரி சைட்டு பாத்தியா? நல்லாத்தானே இருந்துச்சு?"

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"எதை அமுக்கினாலும் ஒண்ணும் வரலைங்க. நாந்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நெனச்சேன். கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி, துணியப் போட்டு மூடி வச்சிருக்கேன். ஏசாதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ ஒண்ணும் கெடுக்கல" என்றார் போனில், குரலை இறக்கி. "நாங்க செஞ்சதுதான் சரியில்ல." போனை வைத்துவிட்டு, எல்லா லிங்க்கிலும் முகவரியை எழுதச் சொன்னார். என் வேலையும் தப்பியது.

ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஆபீசில் கத்திக்கொண்டு திரிந்தேன். அந்த அம்மா தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு, புருஷனிடம்கூட வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.