வேட்டுச் சத்தத்துக்கு முன்னால்…

போன வாரம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு வடம் கட்டியிருந்தது.

நிஜத் தேர் வடம் இல்லை. காட்டூரில் எங்க வீட்டுக்காரர் வைத்திருக்கும் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த தேங்காய்நார்க் கயிறு. கட்டைவிரல் பருமன். ஒரு நுனி ஜன்னலில், மறு நுனி இவர் கையில்.

எதற்கு என்கிறீர்களா?

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். இவர் இருபத்தெட்டு வருஷமாக ஒரு வருஷம் விடாமல் வடம் பிடிக்கிறவர். காய்ச்சலோடு போயிருக்கிறார். என் தம்பி கல்யாணத்துக்கு மத்தியானம்தான் வந்து சேர்ந்தார் — அன்றைக்கும் தேர்! (தம்பிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.) இந்த வருஷம் முழங்காலில் ஆபரேஷன். மாடிப்படி ஏறக் கூடாது, கூட்டத்தில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இவர் புலம்பவில்லை. பட்டறைக்கு போன் போட்டுக் கயிறு கொண்டு வரச் சொன்னார்.

"அங்க தேர் கிளம்புற அதே நேரத்துல நான் இங்க இழுக்கணும் வசந்தா. ஒரு இழுப்பு போதும். வரிசை விட்டுப் போகக் கூடாது."

"ஏங்க, ஜன்னல் பேத்துக்கிட்டு வந்துடப் போகுது."

"நான் வெல்டு வச்ச ஜன்னல். வராது."

தேரன்று காலையில் குளித்து, திருமண் இட்டு, காலை ஸ்டூலில் நீட்டி, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நேரடி ஒளிபரப்பு. பின் போர்ஷனில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சரும் வந்திருந்தார். பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்கிறவர். உள்ளூர் விடுமுறை, கையில் காபி டம்ளர்.

டிவியில் தேர் அசையாமல் நிற்கிறது. இவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்…

டமார்!

ஜன்னல் வழியாக வேட்டுச் சத்தம். தேர் கிளம்பினால் ஆகாசத்தில் போய் வெடிக்கும் வேட்டு. அது கேட்டதும் அடுப்படியில் நின்றபடியே கும்பிடுவது என் வழக்கம். கும்பிட்டேன்.

"எவன்டா அது? தேர் கிளம்புறதுக்கு முன்னாடியே வேட்டைப் போட்டுட்டான்!" என்றார் இவர்.

டிவியில் தேர் இன்னும் அப்படியே நிற்கிறது.

டீச்சர் தயங்கினார். "அண்ணே… வேட்டு சரியாத்தான் போட்டிருக்காங்க. டிவிதான் லேட்டு."

"லைவ்னு எழுதியிருக்கே!"

அரை நிமிஷம் போயிருக்கும். டிவியில் கூட்டம் கையைத் தூக்கியது. வடம் விறைத்தது. தேர் அசைந்தது. அதே வேட்டு, இப்போது டிவிக்குள்ளிருந்து — பட்டாணி வெடித்த மாதிரி.

இவர் இழுக்கவில்லை. கயிறு மடியில் கிடந்தது.

"ஊரே இழுத்து முடிச்சிருச்சு. நான் பழசைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

டீச்சர் விளக்கினார். வெளிச்சம் நேராகக் கண்ணுக்கு வந்தால் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாதாம். டிவி படம் சேட்டிலைட்டுக்குப் போய் வருவதுகூடப் பெரிய விஷயம் இல்லையாம். அதை மடித்து அனுப்பி, இங்கே பிரித்துப் போடுவதற்குள் அரை நிமிஷம் ஓடிவிடுமாம். சத்தம் பாவம், காற்றில் நடந்து வருகிற ஆள். கிலோமீட்டருக்கு மூன்று செகண்ட். அம்மா மண்டபம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர நாலு செகண்ட்.

காற்று எப்படி நடக்கும்? பத்தாம் கிளாஸில் அறிவியலில் தட்டுத் தடுமாறித் தேறியவள் நான். கேட்டேன். "காத்து வராதுக்கா, தள்ளுதான் வரும்" என்றார் டீச்சர். சொர்க்கவாசல் க்யூவில் நின்றவர்களுக்கு இது புரியும். பின்னால் ஒருத்தர் தள்ளுவார். யாரும் இடம் மாறியிருக்க மாட்டோம். ஆனால் தள்ளு மட்டும் ஆள் ஆளாகக் கடந்து முன்னால் போய்விடும்!

"முக்குல தேர் நின்னு கிளம்புறப்போ மறுபடி வேட்டுப் போடுவாங்கள்ல? டிவியை விடுங்க. அந்தச் சத்தத்துக்கு இழுங்க" என்றேன்.

"நாலு செகண்ட் லேட்டாயிடும்."

"நாலு செகண்டுக்கு என்னங்க? பெருமாள் கோவிச்சுக்குவாரா?"

"அவர் கோவிக்க மாட்டார். ஏற்கெனவே நகந்த தேரை, நான் இழுத்தேன்னு எப்படிச் சொல்றது?"



டீச்சர் கேட்டார். "வடத்துல நீங்க எங்கண்ணே நிப்பீங்க?"

"முன்னாடி, கோடியில."

"அவ்வளவு தூரத்துல இருந்தா இழுக்கணும்னு எப்படித் தெரியும்?"

"கோஷம் காதுக்கு வர்றதுக்குள்ள வடம் கையில சொல்லிரும். விர்ருன்னு ஒரு அதிர்வு வரும் பாருங்க…"

டீச்சர் இவர் மடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அக்கா, மொட்டை மாடியில இருந்து அந்த வேட்டு கண்ணுக்குத் தெரியுமா?"

தெரியும்!

ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்த்தேன். அந்த நுனியை ஜன்னலுக்கு வெளியே விட்டு, வெளிப்பக்கமாகப் போய் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். கீழே மறு நுனி, ஜன்னல் வழியாக இவர் கையில்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாட்டர் டேங்குகள், தென்னைகள், அதற்குப் பின்னால் கோபுரங்கள். இருபது நிமிஷம் இருக்கும். 'என்ன, தூங்கிட்டியா?' என்று கீழேயிருந்து இரண்டு தடவை குரல் வந்துவிட்டது.

சட்டென்று தென்னைக்கு மேலே ஒரு மின்னல், ஒரு வெள்ளைப் புகைப்பந்து. சத்தமே இல்லை! சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு வேட்டை நான் அதுவரை பார்த்ததில்லை.

இழுத்தேன்.

கீழேயிருந்து ஒரு பதில் இழுப்பு வந்தது பாருங்கள்… சுவரில் போய் முட்டிக்கொண்டேன். "ரங்கா! ரங்கா!" என்று இவர் குரல். கயிறு உள்ளங்கையில் விர்ரென்றது.

ஒன்று… இரண்டு…

டமார்!

காக்காய்கள் கலைந்தன. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். இத்தனை வருஷம் நான் கும்பிட்ட அதே நேரத்தில்.

இறங்கி வந்தேன். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வையாம். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் தேர் அப்போதுதான் கிளம்பியது. "எல்லாரும் வந்தாச்சு, நீயும் வா" என்றார் அதைப் பார்த்து.

அப்புறம் என்னிடம், "அதிர்வு வந்துச்சா?"

உள்ளங்கையைக் காட்டினேன். நார் உரசிச் சிவந்திருந்தது.

இவருக்கு அது இருபத்தொன்பதாவது தேர். எனக்கு முதல் தேர்.