'பந்தலூர் மேடம்' என்று தேடினால் யாரும் இல்லை

எங்கள் கல்லூரித் துறையின் ஆன்லைன் டைரக்டரி இன்று காலைதான் வெளியானது. பெயர், பாடம், அறை எண், எதைப் போட்டாலும் ஆளைக் காட்டும். இரண்டு மாதத்தில் முடிப்பதாகச் சொன்னேன். மழையால் நான் லீவு போட்டதில் மூன்று மாதம் ஆகிவிட்டது.

மதியம், தேடியும் ஆள் கிடைக்காத சொற்களைத் திறந்து பார்த்தேன்.

'பந்தலூர் மேடம்.' 'ஜெகதளா சார்.' 'குன்னூர் பஸ் சார்.'

யார் இவர்கள்? அலுவலகத்தில் இருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன்.

"ஏனுங்க சார், பசங்க யாருங்க பேரு சொல்றாங்க? வர்ற ஊருதானுங்க பேரு. எந்த பஸ்ஸுக்குக் கிளம்புவாங்கன்னு தெரிஞ்சாத்தான கையெழுத்து வாங்க முடியும்?"

அப்போது ஒரு மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, பந்தலூர் மேடம் போயிட்டாங்களா? ஃபார்ம் குடுக்க இன்னிக்குத்தான் கடைசி."

"மூணு மணி பஸ்ஸு. இப்பத்தான் படி இறங்குனாங்க, ஓடு!"

ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டருகே மேடம் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

உடனே அங்கேயே உட்கார்ந்து டைரக்டரியில் 'ஊர்', 'பஸ்' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். பட்டியலில் ஒன்று மட்டும் மிச்சம்: 'மழை வந்தா வராத சார்.' பதினோரு பேர் தேடியிருந்தார்கள்.

"அக்கா, இவர் எந்த ஊருங்க?"

"ஊரெல்லாம் வேண்டாங்க சார். உங்க ரூம் நம்பரைப் போட்டுருங்க."

உங்களை எந்தப் பெயரில் தேடுகிறார்கள் என்று தெரியுமா? கமெண்டில் சொல்லுங்கள். நாளை ஆபீஸ் போய்ச் சேர்த்துவிடுகிறேன், மழை இல்லாவிட்டால்.